பந்து காலில் இல்லாத நேரம்

கால்பந்துப் பயிற்சியாளர் என்றதும் உங்களில் பலர் ஃபெர்குசனையோ குவார்டியோலாவையோ எதிர்பார்த்து வந்திருக்கலாம். இன்றைய பேச்சு அரிகோ சாக்கியைப் பற்றியது. கோப்பைகளை எண்ணிப் பட்டியல் போட்டால் அவர் முதல் வரிசையில் வரமாட்டார். ஆனால் ஆட்டம் பெரிதா ஆட்டக்காரர் பெரிதா என்ற கேள்வியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தான் கண்ட பதிலை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களிடமே சோதித்துப் பார்த்தவர் அவர். அந்தச் சோதனை அபாரமாக வென்றதும் உண்டு, அவமானமாகத் தோற்றதும் உண்டு.

சாக்கி 1946-இல் வட இத்தாலியில் ஃபுசிஞானோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்குக் காலணித் தொழில். மகன் அந்தச் சரக்கை விற்றுக்கொடுத்தார். கால்பந்து ஆடினார்தான், ஆனால் ஊர் அளவுக்கு மேல் ஏறவில்லை. அந்த ஊர் நூலகர் அல்ஃப்ரெடோ பெல்லெட்டி என்பவர் கால்பந்துப் பைத்தியம் பிடித்தவர். புத்தகங்களையும் பந்தையும் ஒரே மூச்சில் பேசக்கூடிய மனிதர். அவருடைய தூண்டுதலில் சாக்கி பயிற்சியாளரானபோது வயது 26. பராக்கா லூகோ என்ற சிறிய கழகம். அணியின் கோல்கீப்பருக்கு 39 வயது, நடு முன்கள வீரருக்கு 32. அண்ணன்மார் வயதில் இருந்தவர்களுக்குப் பெரிய ஆட்டம் எதுவும் ஆடியிராத தம்பி பாடம் எடுக்க வேண்டும். அதட்டினால் கேட்பார்களா? ஏன் இப்படி ஓட வேண்டும், ஏன் இங்கே நிற்க வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவர முடிந்தது. காரணம் சொல்லியே பயிற்சி கொடுப்பது அங்கே தொடங்கிய வழக்கம். பின்னாளில் நட்சத்திரங்களிடமும் அதைத்தான் செய்தார். அவர்களில் சிலருக்கு அது பிடிக்காமலும் போனது.

அன்றைய இத்தாலியில் கால்பந்து என்றால் தடுப்பாட்டம். எதிரணியின் முன்கள வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைக் காவல் போடுவார்கள். அவர்களுக்கெல்லாம் பின்னால் ‘லிபரோ’ என்று ஒருவர், யாரையும் காவல் காக்கும் பொறுப்பின்றி நிற்பார். முன்னால் இருப்பவர் ஏமாந்தால் ஓட்டையை இவர் அடைப்பார். பந்து கிடைத்தால் நீளமாக ஒரு பாஸ், ஒரு கோல், அப்புறம் கதவைச் சாத்திவிட வேண்டியது. கட்டினாச்சியோ என்று உலகம் அழைத்த முறை இது. நெரேயோ ரோக்கோவின் மிலான் 1963, 1969 ஆண்டுகளிலும் எலெனியோ எர்ரேராவின் இன்டர் 1964, 1965 ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது இந்த மரபில்தான். இத்தாலியர்களின் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்ற ஆட்டம் இதுவே என்று ஜியான்னி பிரேரா போன்ற பெரிய பத்திரிகையாளர்கள் வாதாடினார்கள்.

சிறுவயதிலிருந்தே சாக்கியின் மனம் வேறு பக்கம் இருந்தது. ஹங்கேரியின் ஹோன்வெட், 1950-களின் ரியல் மாட்ரிட், பிரேசில், பிறகு 1970-களின் அயாக்ஸ். எல்லாமே பந்தைத் தேடிப் போகும் அணிகள். பந்து வரட்டும் என்று காத்திருந்தவை அல்ல.

படிப்படியாகத்தான் மேலே வந்தார். ரிமினி, ஃபியோரென்டினாவின் இளையோர் அணி, அப்புறம் பார்மா. மூன்றாம் நிலையில் கிடந்த பார்மாவை இரண்டாம் நிலைக்கு உயர்த்தினார். 1986-87 பருவத்தில் கோப்பா இத்தாலியாவில் அந்தச் சின்ன அணி மிலானை அதன் சொந்த மைதானமான சான் சீரோவிலேயே தோற்கடித்தது. ஓராண்டுக்கு முன்புதான் மிலானை வாங்கியிருந்த சில்வியோ பெர்லுஸ்கோனி, தோற்கடித்தவரையே கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார். ‘திருவாளர் யாருமில்லை’ என்று பத்திரிகைகள் எழுதின. ஆடியே பழகாதவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்ற கேள்விக்கு சாக்கி சொன்ன பதில் இன்றைக்கும் உலவுகிறது: பந்தயத்தில் சவாரி செய்ய, முற்பிறவியில் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்ன?

இனி அவருடைய சிந்தனைக்கு வருவோம். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் இருந்தால் அபூர்வம். ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொள்வதும் பத்திரிகைகள் எழுதுவதும் கழகங்கள் கோடி கொட்டிக் கொடுப்பதும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகத்தான். மிச்சம் எண்பத்தேழு நிமிடம் அந்த ஆள் என்ன செய்கிறார்? சாக்கியின் மொத்தக் கால்பந்தும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தது.

ஒவ்வொரு கணமும் ஆட்டக்காரர் நான்கைப் பார்த்துத் தன் இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்றார்: பந்து, வெற்றிடம், எதிராளி, தோழர்கள். எதிராளியை மட்டும் பார்ப்பது பழைய காவல் முறை. தன் இடம் எதிராளியால் தீர்மானிக்கப்படுவதை சாக்கியால் பொறுத்துக்கொள்ள முடியாது. அடுத்து, தடுப்பு வரிசையின் கடைசி ஆளுக்கும் முன்வரிசையின் முதல் ஆளுக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள மைதானத்தில் பத்துப் பேர் கால்வாசி இடத்துக்குள் அடங்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒன்றாக நகர வேண்டும். தேர் வடம் பிடிக்கிற மாதிரி. ஒருவர் மட்டும் தனியாக வேகம் காட்டினால் அவர் கைதான் தோலுரியும். எதிரணிக்காரர் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் இரண்டு மூன்று பேர் சூழ்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டித் தூக்கியடித்தால் மிலான் தடுப்பாட்டக்காரர் ஃபிராங்கோ பரேசியின் கை மேலே போகும், ஆஃப்சைடு. முன்களத்தில் நின்று மூச்சு வாங்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. எதிரணியின் தாக்குதல் தொடங்குகிற இடத்திலேயே மறிக்க வேண்டியவர் நம் நடு முன்கள வீரர்தான்.

இதை எப்படிப் பயிற்றுவித்தார் என்பதுதான் வேடிக்கை. மிலானெல்லோ பயிற்சி மைதானத்தில் பதினொரு பேரும் அவரவர் இடத்தில் நிற்பார்கள். பந்து கிடையாது. பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று சாக்கி கத்துவார்; பதினொரு பேரும் இல்லாத பந்துக்கு ஏற்ப நகர்வார்கள். மறுபடி கத்துவார், மறுபடி நகர்வார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இது என்னவாகத் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் போன்ற மிலான் நட்சத்திரங்களுக்கு இந்த நிழல் விளையாட்டில் நம்பிக்கை வருமா? சாக்கி ஒரு பந்தயம் கட்டினார். ஒழுங்குபட்ட ஐந்து பேர், ஒழுங்கில்லாத பத்துப் பேரை மடக்கிவிடலாம் என்றார். ஒரு பக்கம் கோல்கீப்பர் ஜியோவானி கல்லியும் டசோட்டி, பரேசி, கோஸ்டகுர்ட்டா, மால்டினி என்ற நால்வரும். மறுபக்கம் குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், டோனடோனி, அன்செலோட்டி உள்ளிட்ட பத்துப் பேர். கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் போட வேண்டும். ஒரே விதி: பந்து பறிபோனால் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குள் பின்வாங்கி மறுபடி தொடங்க வேண்டும். பல முறை நடந்த இந்தப் போட்டியில் அவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை என்று சாக்கி சொல்லியிருக்கிறார். அந்த ஐவரில் பரேசியும் மால்டினியும் இருந்தார்களே, எந்த ஐவரை நிறுத்தினாலும் இதே முடிவு வந்திருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாக்கியை எதிர்ப்பவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் கேட்கிறார்கள்.

பரேசி அப்போதே இத்தாலியின் பெயர்பெற்ற தடுப்பாட்டக்காரர். அவரிடம் சாக்கி சில வீடியோக்களைக் கொடுத்து, பார்மாவில் தன்னிடம் ஆடிய ஜியான்லூகா சிஞ்ஞோரினி எப்படி நகர்கிறார் என்று பார்க்கச் சொன்னாராம். இரண்டாம் நிலை அணியின் வீரரைப் பார்த்து பரேசி கற்றுக்கொள்வதா? பரேசி பார்த்தார், கற்றும் கொண்டார். இந்த முறை வேரூன்றியதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த அடக்கம்தான் காரணம் என்பேன்.

கார்லோ அன்செலோட்டியின் கதை இன்னும் சுவையானது. 1987-இல் ரோமாவிலிருந்து அவரை வாங்க வேண்டும் என்று சாக்கி அடம்பிடித்தார். முழங்காலில் ஏற்கெனவே அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட மனிதர், கழகத்துக்குத் தயக்கம். வாங்கிய பிறகும் தொடக்கத்தில் அவர் தடுமாறினார். இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவரை இசைக்குழுவுக்கு நடத்துநராக வைத்திருக்கிறோமே என்று பெர்லுஸ்கோனி அலுத்துக்கொண்டார். நம் சுருதிக்கு அவரைச் சேர வைப்பது என் பொறுப்பு என்றார் சாக்கி. அதன்பின் தினமும் அன்செலோட்டி மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, இளையோர் அணிப் பையன்களோடு சேர்ந்து ஒவ்வொரு நகர்வையும் ஒத்திகை பார்த்தார். 28 வயதான, இத்தாலிய தேசிய அணிக்கு ஆடிய ஒருவர்! 1989 ஏப்ரல் 19 அன்று சான் சீரோவில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மிலான் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கியபோது முதல் கோலைத் தொலைவிலிருந்து அடித்தவர் அவர்தான். அடுத்தடுத்து ரைக்கார்ட், குல்லிட், வான் பாஸ்டன், டோனடோனி. ஐந்து கோல், ஐந்து பேர்.

வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பருவம் மோசமாகத்தான் தொடங்கியது. யூஃபா கோப்பையில் எஸ்பான்யோலிடம் தோற்று வெளியேறினார்கள். பெர்லுஸ்கோனி கைவிடவில்லை. 1988 மே 1 அன்று மரடோனாவின் நாப்போலியை அதன் மைதானத்திலேயே 3-2 என்று வென்று முதலிடத்தைப் பிடித்தார்கள். 30 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 14, கையில் லீக் பட்டம். 1989-இல் பார்சிலோனாவின் கம்ப் நூவில் ஸ்டெயாவா புகாரெஸ்டை 4-0 என்றும், 1990-இல் வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0 என்றும் வென்று ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்து எடுத்தார்கள். அப்படித் தொடர்ந்து இருமுறை வெல்ல இன்னொரு அணிக்கு 2017 வரை ஆனது.

சாக்கியின் பக்தர்கள் அதிகம் பேசாத ஒரு சம்பவம் உண்டு. 1988 நவம்பரில் பெல்கிரேடில் ரெட் ஸ்டாருக்கு எதிரான ஆட்டத்தில் மிலான் 0-1 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மூடுபனி மைதானத்தை விழுங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மறுநாள் முதலிலிருந்து ஆடினார்கள். 1-1, பெனால்டியில் மிலான். பனி ஓர் அரை மணி நேரம் தாமதித்து இறங்கியிருந்தால் கம்ப் நூவும் இல்லை, வியன்னாவும் இல்லை. நாமும் இன்று வேறு யாரையாவது பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இந்த முறைக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த விலை அதிகம். வான் பாஸ்டன் ஒரு முறை கேட்டாராம்: ஜெயித்தால் போதாதா, நன்றாக ஆடி வேறு ஜெயிக்க வேண்டுமா? பல ஆண்டுகள் கழித்து, வரலாற்றின் மிகச் சிறந்த அணிகள் என்று பத்திரிகைகள் வெளியிட்ட பட்டியல்களில் தன் மிலானும் இருப்பதைக் காட்டி, இதற்காகத்தான் என்று சாக்கி பதில் சொன்னார். நல்ல பதில்தான். ஆனால் தினம் தினம் அதே ஒத்திகையில் வெந்துகொண்டிருந்தவருக்கு அது மிகவும் தாமதமாக வந்த பதில். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1991-இல் சாக்கி விலகினார். பின்னால் வந்த ஃபாபியோ கபெல்லோ அதே அணியை, அதே நால்வர் வரிசையை எடுத்துக்கொண்டு கட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். ஐந்து பருவத்தில் நான்கு லீக் பட்டங்கள். சாக்கிக்குக் கிடைத்ததோ நான்கு பருவத்தில் ஒன்று. சாக்கி விதைத்ததை கபெல்லோ அறுத்தார் என்பார்கள். விதைத்தவர் கையிலேயே வயல் இருந்திருந்தால் அத்தனை விளைச்சல் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அடுத்து சாக்கி இத்தாலியின் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். கழகத்தில் தினமும் பயிற்சி தரலாம். தேசிய அணியில் வீரர்கள் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் கையில் கிடைப்பார்கள். அதற்குள் 25 மீட்டர் கணக்கை எப்படி ஊட்டுவது? 1994 உலகக் கோப்பையில் இது பச்சையாகத் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் அயர்லாந்திடம் 0-1. அடுத்தது நார்வே. 21-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் பலியூகா சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மாற்று கோல்கீப்பரை இறக்க யாரையாவது எடுக்க வேண்டும். சாக்கி எடுத்தது ரோபர்ட்டோ பாஜியோவை. முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது பெற்றவர், நாட்டின் செல்லப்பிள்ளை. இவருக்குப் பைத்தியமா என்று பாஜியோவின் உதடுகள் அசைந்ததை உலகமே கேமராவில் பார்த்தது.

சாக்கியின் கணக்குப்படி இதில் குழப்பமே இல்லை. பத்துப் பேராகிவிட்ட அணிக்கு ஓடக் கூடியவர்கள் வேண்டும். பாஜியோவின் கால் அப்போது முழு நலத்தில் இல்லை. இத்தாலி 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் இன்னொரு பாஜியோ, டினோ. ஆக, ஆட்டமே பெரிது என்று நிரூபணமாகிவிட்டதா? நாக்அவுட் சுற்றின் மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். நைஜீரியாவிடம் 0-1 என்று பின்தங்கி, ஊருக்குக் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது ரோபர்ட்டோ பாஜியோ சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பெனால்டியும் அடித்தார். ஸ்பெயினுக்கு எதிராக 88-ஆவது நிமிடத்தில் வெற்றி கோல். பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு. சாக்கியின் முறை முக்கியும் முனகியும் நின்ற இடத்திலெல்லாம், முறைக்குள் அடங்காத ஒருவர் அணியைத் தூக்கிக்கொண்டு பாசடீனா இறுதிப் போட்டி வரை போனார். அங்கே பிரேசிலுடன் 0-0. பெனால்டியில் பரேசி, மஸ்ஸாரோ, பாஜியோ மூவரும் தவறவிட்டார்கள். பரேசி நார்வே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடித்து, அதே போட்டியில் திரும்பி வந்து ஆடியவர் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு சரிவுதான். 1996 யூரோவில் ரஷ்யாவை வென்ற அணியிலிருந்து ஐந்து பேரை மாற்றி செக் குடியரசிடம் தோற்று, முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். யார் ஆடினாலும் முறை ஆடும் என்று உண்மையிலேயே நம்பியவர்தான் அப்படி மாற்றுவார். அந்த ஆண்டு இறுதியில் மீண்டும் மிலானுக்குப் போனார். அதே பயிற்சியாளர், பரேசியும் மால்டினியும்கூட இருந்தார்கள். 1997 ஏப்ரலில் சான் சீரோவில் ஜுவென்டஸ் 6-1 என்று வென்றது. பருவ முடிவில் மிலான் பதினோராம் இடம். 2001-இல் பார்மாவில் மூன்றே ஆட்டங்களுடன் மன அழுத்தத்தால் பயிற்சியாளர் வேலையையே விட்டார்.

2004 இறுதியில் ரியல் மாட்ரிட் அவரைக் கால்பந்து இயக்குநராக அழைத்தது. ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, பெக்கம் என்று நட்சத்திரங்களைக் குவித்த கழகம். ஒருவர் கோல் அடிக்க, ஒருவர் பாஸ் கொடுக்க, இவர்களுக்காகப் பந்தைப் பறித்துத் தர வேறொருவர் என்று அங்கே வேலை பிரித்திருந்ததைத்தான் அவர் கடுமையாகக் குறை சொன்னார். பறிப்பதற்கென்று தனி ஆள் வைத்தால் மற்றவர்கள் அந்த வேலையை மறந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும். ஓராண்டில் அங்கிருந்தும் விலகினார்.

இனி சீடரின் கதை. அன்செலோட்டி 1994 உலகக் கோப்பையில் சாக்கியின் உதவியாளராக அமெரிக்காவில் இருந்தவர். பின் தனியாகப் பயிற்சியாளராகி 1996-இல் பார்மாவுக்கு வந்தபோது குருவின் 4-4-2 அமைப்பு அப்படியே அவர் கையில் இருந்தது. ஜியான்பிராங்கோ ஜோலா அதில் பொருந்தவில்லை. ஓரத்துக்குத் தள்ளப்பட்டு செல்சிக்குக் கிளம்பிப் போனார். 1997-இல் ரோபர்ட்டோ பாஜியோவே வர ஆயத்தமாக இருந்தார். முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஆட விடுங்கள் என்றார். அந்த இடம் என் அமைப்பில் இல்லை என்று அன்செலோட்டி மறுத்துவிட்டார். பாஜியோ போலோஞாவுக்குப் போய் அந்தப் பருவத்தில் 22 லீக் கோல் அடித்தார். தான் செய்தது தவறு என்று அன்செலோட்டி பிற்பாடு மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்து ஜுவென்டஸில் ஜிடான் இருந்தார். இம்முறை ஜிடானுக்காக அமைப்பையே மாற்றினார். மிலானில் ஆந்திரேயா பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தி, அவரைச் சுற்றி அணியைக் கட்டினார். 2003, 2007, பிறகு ரியல் மாட்ரிட்டுடன் 2014, 2022, 2024. ஐந்து சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள். வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் இத்தனை இல்லை.

அப்படியானால் சாக்கியின் பாடம் செல்லாமல் போய்விட்டதா என்று அவசரப்பட வேண்டாம். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் இரண்டாம் நிலையில் தத்தளித்த மைன்ஸ் அணிக்கு வோல்ஃப்காங் ஃபிராங்க் என்ற பயிற்சியாளர் வந்தார். மிலான் வீரர்கள் பந்தில்லாமல் நகரும் பழைய வீடியோவைத் தன் ஆட்டக்காரர்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். சலிப்பூட்டும் வீடியோ என்று அதைப் பார்த்த ஒருவர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால், எதிரணியில் நம்மைவிடத் திறமைசாலிகள் இருந்தால் தோற்க வேண்டியதுதான் என்று அதுவரை நினைத்திருந்த நினைப்பு அதோடு போயிற்று என்றும் சொன்னார். அந்த ஆட்டக்காரர் யுர்கன் குளோப்.

2022 மே 28 அன்று பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஒரு பக்கம் குளோப்பின் லிவர்பூல், மறுபக்கம் அன்செலோட்டியின் ரியல் மாட்ரிட். லிவர்பூல் மேலேறி மறித்தது, பந்தைப் பறித்தது, இருபது முறைக்கு மேல் கோலை நோக்கி உதைத்தது. ரியல் உதைத்ததை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 59-ஆவது நிமிடத்தில் வல்வெர்டே குறுக்கே அனுப்பிய பந்தை வினீசியஸ் உள்ளே தள்ளினார். கோல்கீப்பர் குர்துவா ஒன்பது பந்துகளைத் தடுத்தார். 1-0. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேள்வி நேரத்தில் தாராளமாகச் சண்டை போடலாம். ஒலிவாங்கி முன்வரிசையிலிருந்து வரட்டும்.